கிளிப் போட்ட பொண்ணும் வாய் கட்டின அப்பனும்

என் தம்பி வீரபாகுவுக்குக் கோணலா ஒண்ணு கண்ணுல பட்டுட்டா கை சும்மா இருக்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டுல காலண்டர் சாஞ்சி தொங்கினா, அத நேரா மாட்டிட்டு தான் உக்காந்து அழுவான். பஸ்ல முன் சீட்டு ஆளோட சட்டைக் காலர் மடிஞ்சி இருந்தா, கேக்காமலே நீவி விடுவான். ஒருவாட்டி கண்ணமங்கலம் தாண்டறதுக்குள்ள அதுக்காக நல்லா வாங்கிக் கட்டிகினான், அப்பவும் திருந்தல. சின்ன வயசுலருந்து பட்டுத் தறியில உக்காந்தவன். புடவையில ஒரு எழை தப்பிப் போனா அது அவன் ஒருத்தன் கண்ணுக்குத் தான் தெரியும், ஆனா அத பிரிச்சி மறுபடி நெய்யற வரைக்கும் அவனுக்கு சோறு எறங்காது.

நான் அவனுக்கு மூத்தவ, சாவித்திரி. ஆரணியில எங்க ரெண்டு வீடும் பக்கத்துப் பக்கத்துல, நடுவுல ஒத்த செவுரு. நான் இந்தப் பக்கம் இருமினா அவன் அந்தப் பக்கத்துலருந்து தண்ணி குடிக்கச் சொல்லுவான். முறுக்கு, தட்டை, அதிரசம் ஆர்டர் எடுத்து சுட்டுக் குடுக்கறது என் பொழப்பு. இத ஞாபகத்துல வெச்சிக்குங்க. எனக்கு வந்த கெட்ட பேரெல்லாம் முறுக்கால தான் வந்துச்சி.

இப்பேர்ப்பட்டவனுக்கு ஒரே பொண்ணு, காவ்யா. அவளுக்கு முன் பல்லு ரெண்டும் வெளிய எட்டிப் பாக்கும், பக்கத்துப் பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு நிக்கும். ஊர் காலண்டரெல்லாம் நேர் பண்றவனுக்கு சொந்தப் பொண்ணு வாயில இருந்த கோணல் மட்டும் தெரியவே இல்ல. பெத்தவனுக்கு அப்படித் தான் போல. எனக்குத் தெரியும், ஆனா சொன்னா பரிமளா மனசு நோவும்னு வாய மூடிகினு இருந்தேன். பரிமளா அவன் சம்சாரம், அதிர்ந்து பேசத் தெரியாதவ.

2004-ல, காவ்யாவுக்கு பதினோரு வயசு, எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். ரெண்டு மாசம் கழிச்சி ஆல்பம் வந்துச்சி. வீரபாகு எல்லார் மாதிரியும் பொடவைய தான் பாத்துகினே வந்தான், யாரு எங்க வாங்கினது, பார்டர் ஒழுங்கா சேந்திருக்குதான்னு. நடுவுல நிறுத்தி, முதல் பக்கத்துக்குத் திரும்பினான். மறுபடி கடைசி வரைக்கும் போனான். ஆல்பத்த மூடி வெச்சிட்டு எழுந்து போனான். மறுநாள் காலையில செவுத்துக்கு அந்தப் பக்கம் தறி சத்தமே இல்ல. உடம்பு சரியில்லையோன்னு ஓடினேன். தறியில சும்மா உக்காந்திருந்தான்.

"அக்கா, அந்த ஆல்பத்துல காவ்யா பதினோரு போட்டோவுல இருக்கா. பதினொண்ணுலயும் கையால வாய மூடிகினு இருக்கா," அப்படின்னான்.

ஸ்கூல்ல பசங்க அவள தேங்கா துருவின்னு கூப்புடறது அன்னிக்கு தான் அவனுக்குத் தெரிஞ்சிது. அவளா சொல்லல, பரிமளா சொன்னா. மூணு வருஷமா பொண்ணு சிரிப்பு வந்தா கைய தூக்கி மூடிக்கறா, வகுப்புல டீச்சர் கேள்வி கேட்டா தெரிஞ்சதுக்கே தெரியாதுன்னு உக்காந்துடறா. இவன் தலையில கை வெச்சிகினான். எனக்கும் கோவம் வந்துச்சி, அதுல பாதி என் மேலயே தான்.

வேலூர்ல பல்லு டாக்டர் ஜாய்ஸ்னு ஒரு அம்மா. கறாரான மனுஷி. நாலு பல்லு புடுங்கணும், அப்புறம் கிளிப் போடணும், ரெண்டு வருஷம் ஆவும்னாங்க. பரிமளா அழுதுட்டா. எதுக்கு ரெண்டு வருஷம், ஒரே வாட்டியா இறுக்கிட முடியாதான்னு கேட்டாளாம். டாக்டர் வாய தொறக்கறதுக்கு முன்னாடி வீரபாகு பதில் சொல்லிட்டான்.

"தறியில பாவு நூல ஒரே நாள்ல இழுத்துக் கட்டினா அறுந்துடும். தெனம் கொஞ்சம் கொஞ்சமா தான் இழுக்கணும். நீங்க செய்யுங்க டாக்டரம்மா. எனக்குப் புரியுது."

அந்தம்மா அவன ஒரு மாதிரி பாத்துட்டு, ஆமா, அதே தான்னாங்களாம். அதோட இவனுக்கு தலை கால் புரியல. பாதி டாக்டர் ஆயிட்டதா நெனப்பு.

வீட்டுல ரிகர்சல் ஆரம்பிச்சிது. டாக்டர் நாற்காலியில அரை மணி நேரம் வாய தொறந்து வெச்சிகினு இருக்கணும் இல்ல, அதுக்கு பழக்கறானாம். சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்ததும் காவ்யாவ சாய்ஞ்சி படுக்க வெச்சி, வாய தொறக்கச் சொல்லி, டார்ச் அடிச்சிகினு கடிகாரத்தப் பாப்பான். அவ கொட்டாவி விட்டா முதல்லருந்து. பொண்ணு பயப்படக் கூடாதுன்னு பரிமளாவையும் படுக்க வெச்சான். அன்னிக்குன்னு நான் அதிரசம் கொண்டு போனேன், என் வாயிலயும் டார்ச் அடிச்சிட்டான். "உனக்கு கடவாப் பல்லு சொத்தை அக்கா"ன்னு சொல்லி அனுப்பினான். அன்னியிலருந்து எனக்கு அந்தப் பல்லு வலிக்க ஆரம்பிச்சிது.

நாலு பல்லும் ரெண்டு தவணையில புடுங்கியாச்சி. பொண்ணு தைரியமா இருந்துது. பாத்துகினு நின்ன இவன் தான் மயக்கம் போட்டுட்டான், நர்ஸ் சோடா வாங்கிக் குடுத்தாங்க.

அப்புறம் கிளிப். ஒவ்வொரு பல்லுலயும் பொட்டு வெச்ச மாதிரி ஒரு குட்டித் துண்டு ஒட்டி, அதுங்க நடுவுல கம்பி விடுவாங்க. நாங்க அந்தத் துண்டுக்குப் பொட்டுன்னே பேர் வெச்சிட்டோம். பொட்டு மேல சின்ன ரப்பர் வளையம் மாட்டணும், அதுல இருவது கலர் உண்டு. பசங்களையே எடுத்துக்கச் சொல்லுவாங்களாம். காவ்யா ரோஸ் கலர் மேல கை வெச்சா. இவன் விடுவானா. பட்டுக்காரன்கிட்ட கலர் அட்டைய நீட்டினா இன்னா ஆவும். வெளிச்சத்துல வெச்சிப் பாத்து, தள்ளி வெச்சிப் பாத்து, மேல் வரிசைக்கு அரக்கு, கீழ் வரிசைக்கு கடுகு மஞ்சள்னு முடிவு பண்ணிட்டான். முகூர்த்தப் பொடவைக்கு அத விட எடுப்பான சேர்க்கை கெடையாதாம்.

மறுநாள் ஸ்கூலுக்குப் போன பொண்ணு பத்தரை மணிக்கு திரும்பி வந்துட்டா. மேல் வரிசை ஈறுல ரத்தம், கீழ் வரிசையில சீழுன்னு டீச்சர் பதறிப் போயி ஆட்டோ வெச்சி அனுப்பிட்டாங்க. நான் சிரிச்ச சிரிப்புல ஒரு ஈடு தட்டை கருகிப் போச்சி. காவ்யா மூணு நாள் அவங்கப்பாகிட்ட பேசல. அடுத்த மாசம் ரோஸ் கலரே மாட்டினாங்க. இவன் ஜன்னல் பக்கம் திரும்பிகினானாம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், பாத்துகினது அவன் தான். தின்ன ஒடனே பல்லு விளக்கணும். கம்பி நடுவுல நுழையற குட்டி பிரஷ் ஒண்ணு, அதையும் போடணும். கம்பி கன்னத்துல குத்தினா மெழுகு உருட்டி ஒட்டணும். அதுவரைக்கும் விரல்ல பல்பொடி தேய்ச்சிகினு இருந்தவன், பொண்ணுக்கு தொணையா பிரஷ் வாங்கி, ரெண்டு பேரும் தொட்டிகிட்ட நின்னு விளக்குவாங்க. கம்பி இறுக்கின நாள்ல அவளால இட்லி கூட மெல்ல முடியாது. ரசம் சோத்த பாலாட்டம் கொழைச்சி இவனே ஊட்டுவான். கொய்யாப் பழத்த கொட்டை எடுத்து, நகக்கண் அளவுக்கு நறுக்கி வெப்பான். அந்த வீட்டுல ரெண்டு வருஷமா பொரிகடலை வாசம் கூட வரல.

டிசைன் போடற கட்டம் போட்ட பேப்பர் பின்னாடி, எத எத திங்கக் கூடாதுன்னு எழுதி அடுப்பங்கரையில ஒட்டினான். கரும்பு, சோளம், கடலை உருண்டை, எலும்பு எல்லாம் கீழ. முதல் வரியில முறுக்கு. முறுக்குக்கு மட்டும் அடியில ரெண்டு கோடு. அதப் பாத்ததும் எனக்கு எரிச்சலா வந்துச்சி.

"இன்னாடா, யாருக்கு எழுதி வெச்சிகினு இருக்கே இத?"ன்னு கேட்டேன்.

"பொதுவா எழுதினது அக்கா."

பொதுவாவாம்.

மூணாவது மாசம், தீவாளிக்கு முன்னாடி, மேல் வரிசையில ஒரு பொட்டு பேந்து வந்துடுச்சி. இவன் நேரா என் வீட்டுக்கு வந்து எண்ணெச் சட்டி பக்கத்துல நின்னான். அக்கா, முறுக்கு குடுத்தியான்னான். இல்லடான்னேன். சத்தியமா அது பொய். ஒரே ஒரு முறுக்கு, அதுவும் காபியில ஊற வெச்சி, கொழகொழன்னு ஆனப்புறம் ஸ்பூன்ல குடுத்தேன். குழந்தை வாசனைய மோந்துகினே நிக்குது, நான் இன்னா கல்லா? ஆனா அது நடந்து பத்து நாளாச்சி. பொட்டு பேந்தது அன்னிக்கு தான். அப்ப நான் சொன்னது பொய்யும் இல்ல.

வேலூர்ல மறுபடி ஒட்டினாங்க. பொங்கல் தாண்டி அதே பொட்டு மறுபடி பேந்துச்சி. இந்த வாட்டி டாக்டரம்மா சும்மா விடல. மறுபடி மறுபடி சுரண்டி ஒட்டினா பல்லு மேல இருக்கற எனாமல் போயிடும், இன்னொரு வாட்டி பேந்தா எல்லாத்தையும் கழட்டிடுவேன், வீட்டுல ஒழுங்கா பாத்துக்க முடியாதவங்களுக்கு கிளிப் எதுக்குன்னு சொல்லிட்டாங்க.

கழட்டிட்டா இன்னா ஆவும்னு காவ்யா என்கிட்ட தான் கேட்டா. புடுங்கின நாலு பல்லு எடமும் சந்து சந்தா நிக்கும், முன் பல்லு பாதி வழியில நின்னுபோன கோணலா இருக்கும். முன்ன விட மோசம். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். ஒண்ணும் ஆவாது கண்ணுன்னு சொல்லிட்டு உள்ள போயி அழுதேன்.

வீரபாகு அவள என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டான். எனக்கும் ரோஷம் இல்லையா? நானும் பேச்ச நிறுத்திட்டேன். அஞ்சு மாசம். நான் எண்ணெச் சட்டி வெச்சா அவன் ஜன்னல சாத்துவான், அது எனக்குக் கேக்கணும்னே சாத்துவான். நான் இருமினா அந்தப் பக்கம் கம்முன்னு இருக்கும். அது தான் எனக்கு ரொம்ப வலிச்சிது. நடுவுல மாட்டிகினது பரிமளா. அவன் சாப்பிட்டானான்னு நான் கேட்டா சொல்லுவா, அவனுக்குத் தெரியாம எனக்கு ரசம் கொண்டு வருவா. பேஜார் புடிச்ச பொழப்பு.

ஆனி மாசம், ஒரு சாயந்திரம். கொல்லைப் பக்கமா காவ்யா வந்தா. உள்ளங்கையில அந்தப் பொட்டு. மூணாவது வாட்டி.

"அத்த, நான் எதுவுமே திங்கல. சத்தியமா திங்கல. அப்பா நம்ப மாட்டாரு. எல்லாத்தையும் கழட்டிடுவாங்க அத்த."

தேம்பித் தேம்பி அழும்போதும் அந்த இன்னொரு கை வாய மூடிகினு தான் இருந்துச்சி. நான் நம்பினேன். அவள கூட்டிகினு போயி, அஞ்சு மாசம் கழிச்சி அவன் வீட்டுப் படி ஏறினேன்.

"நாளைக்கு வேலூருக்கு நானும் வரேன். முறுக்குக்காரி மேல தான குத்தம், அந்த டாக்டர் முன்னாடியே விசாரிச்சிக்கலாம்"னேன். அவன் மூஞ்சி செத்துப் போயிருந்துச்சி. வரவேணாம்னு சொல்லக் கூட தெம்பு இல்ல.

மறுநாள் பஸ்ல ஏறினோம். முன் சீட்டு ஆளுக்கு காலர் மடிஞ்சி இருந்துச்சி, இவன் அதப் பாக்கக் கூட இல்ல. அப்ப தான் எனக்கு பயம் வந்துச்சி.

டாக்டரம்மா பொட்டக் கையில வாங்கிப் பாத்துட்டு பெருமூச்சு விட்டாங்க. காவ்யாவ நாற்காலியில சாய்ச்சி, நெஞ்சு மேல பச்சைத் துணி ஒண்ணு போத்தினாங்க. நான் என் கேஸ ஆரம்பிச்சேன். முறுக்குன்னா எல்லா பல்லும் தான கடிக்கும், ஒரே பல்லு பொட்டு மட்டும் ஏன் பேந்து வரணும், நீங்களே சொல்லுங்கன்னு. டாக்டரம்மா என்னப் பாத்துகினு இருந்தாங்க. வீரபாகு நாற்காலி பக்கத்துல நின்னுகினு இருந்தான். பச்சைத் துணி ஓரத்துல ஒரு நூல் பிரிஞ்சி தொங்கிச்சி.

மனசு எங்கயோ இருந்தாலும் கை அதோட வேலைய செய்யும் இல்ல. குனிஞ்சான், நூல விரல்ல சுத்தினான், வாய்க்கு கொண்டு போனான், முன் பல்லால ஒரு கடி. நூல் அறுந்துச்சி. துணிய நீவி விட்டுட்டு நிமிந்தான்.

டாக்டரம்மா கையில இருந்த கருவிய கீழ வெச்சாங்க. "சார், இப்ப இன்னா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலீங்களே," அப்படின்னான். நெசமாவே அவனுக்குத் தெரியல.

அவன வாய தொறக்கச் சொல்லி லைட்ட திருப்பினாங்க. மேல் வரிசையில வலது பக்க முன் பல்லு, அதோட விளிம்புல நூல் கனத்துக்கு ஒரு பள்ளம். முப்பது வருஷமா தறியில அறுந்த எழைய முடிஞ்சி, மிச்ச நுனிய கடிச்சிக் கடிச்சி தேஞ்ச பள்ளம். கத்திரி எடுத்து வெச்சி எடுக்கறதுக்குள்ள நாலு எழை முடிஞ்சிடலாம், அதனால நெய்யற வீட்டுல எல்லாரும் பல்லால தான் அறுப்போம். நானும் கல்யாணம் ஆவற வரைக்கும் தறியில இருந்தவ தான். என் நாக்கு தானா போயி என் பல்லுல இருந்த பள்ளத்தத் தொட்டுப் பாத்துச்சி.

பேந்து வந்த பொட்டும் அதே பல்லுல தான்.

"காவ்யா, நீயும் தறியில உக்காருவியாம்மா?"

"ஸ்கூல் விட்டு வந்து அறுந்த எழைய முடிஞ்சி குடுப்பேன், டாக்டர். அப்பாவுக்கு இப்ப பொழுது சாஞ்சா கண்ணு சரியாத் தெரியல." அவ அவங்கப்பாவப் பாத்தா. "நுனிய கடிச்சிடுவேன். அப்பா அப்படித் தான செய்வாரு."

வீரபாகு அங்க இருந்த ஸ்டூல்ல உக்காந்துட்டான். எனக்கு அஞ்சு மாசமா சேத்து வெச்சது அவ்ளோவும் வாய்க்கு வந்துச்சி. கேட்டியாடா, என் முறுக்கு மேல ரெண்டு கோடு போட்டியேன்னு கிழிச்சி எடுக்கலாம்னு தான் இருந்தேன். அவன் மூஞ்சியப் பாத்ததும் விட்டுட்டேன். பாவி, அவன் அவ்ளோ பாத்துப் பாத்து செஞ்சான்.

"நாளையிலருந்து அவ தறி பக்கமே வர வேணாம்"னான். காவ்யா மூஞ்சி சுண்டிப் போச்சி. ஸ்கூல்ல தலை குனிஞ்சிகினு இருக்கற பொண்ணு நிமிந்து உக்கார்ற ஒரே எடம் அது தான்.

"அவ தாராளமா வரட்டும்"னாங்க டாக்டரம்மா. "கடிக்கறத நீங்க விடுங்க. நீங்க விட்டா தான் அவ விடுவா. கடைசியா ஒருவாட்டி ஒட்டறேன். இதுக்கு மேல அந்தப் பல்லு தாங்காது."

வீட்டுக்கு வந்து தறியில ரெண்டு நூல் கத்திரிய கயிறு கட்டி தொங்க விட்டான், அவனுக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. காவ்யா ரெண்டு நாள்ல பழகிகினா. இவனுக்கு கை கத்திரிக்குப் போவும், பல்லு அதுக்கு முன்னாடி நூலுக்குப் போவும். "அப்பா"ன்னு ஒரு அதட்டல் கேக்கும், "ச்சே"ன்னு இவன் குரல் கேக்கும். ஒரு நாளைக்கு எத்தன "ச்சே"ன்னு செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் எண்ணுவேன். முப்பதுக்குக் கொறையல. கடைசியில வெறுத்துப் போயி, கொடியில இருந்த மஞ்சத் துண்ட எடுத்து வாய சுத்திக் கட்டிகினு தறியில உக்காந்துட்டான்.

அது ஆடி மாசம். கிருத்திகைக்கு காவடி எடுக்கறவங்க சில பேரு வாய்ப்பூட்டுன்னு விரதம் இருந்து, பேசாம வாயில துணி கட்டிகினு இருப்பாங்க. எதிர் வீட்டு பொன்னியம்மாள் ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு, வீரபாகு முருகனுக்கு வாய்ப்பூட்டு போட்டுகினான்னு தெருவெல்லாம் சொல்லிட்டா. மறுநாள் தேங்காய் தட்டோட வந்து தறிக்கு முன்னாடி விழுந்து, அவ மருமவளுக்கு எப்ப குழந்தை பொறக்கும்னு கேட்டா. இவன் துண்டுக்குள்ளருந்து "கிளிப்பு, கிளிப்பு"ன்னு கத்தினான். வெளிய "ம்பூ, ம்பூ"ன்னு தான் கேட்டுச்சி. அத அருள் வாக்குன்னு எடுத்துகினு அவ போயிட்டா. அப்புறம் தெனம் ரெண்டு பேராவது வந்தாங்க. துண்ட அவுத்து உண்மைய சொல்லேண்டான்னு நான் சொன்னா, அவுத்தா கடிச்சிடுவேன் அக்கான்னு சைகை காட்டறான். பரிமளா ஜல்தியா விபூதி குடுத்து ஒவ்வொருத்தரா அனுப்புவா. அடுத்த வருஷம் பொன்னியம்மாளுக்கு பேரன் பொறந்தான். அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் உண்மை தெரியாது.

என்கிட்ட மன்னிப்பு கேப்பான்னு காத்துகினு இருந்தேன். கேக்கல. ஒரு நாள் சுத்தியும் ஆணியும் எடுத்துகினு வந்து, பல வருஷமா சாஞ்சிகினு இருந்த என் அடுப்பங்கரை பலகைய நேர் பண்ணிட்டுப் போனான். போவும்போது ஒரு முறுக்கு எடுத்துகினான். அன்னிக்கு ராத்திரி நான் இருமினேன், கொஞ்சம் வேணும்னே தான். "தண்ணி குடி அக்கா"ன்னு சத்தம் வந்துச்சி.

அந்தப் பொட்டு அப்புறம் பேந்து வரவே இல்ல. ஆடிக்கு கட்டின துண்ட கார்த்திகையில அவுத்தான். 2006 கடைசியில கிளிப்ப கழட்டினாங்க. காவ்யா கண்ணாடியில பல்லப் பாத்துகினே இருந்தா. வேலூர்லருந்து பஸ் எறங்கினதும், வீட்டுக்குக் கூட போவாம, எங்க எல்லாரையும் வீரபாகு ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஸ்டூடியோவுக்கு கூட்டிகினு போனான். நிக்க வெச்சி, எல்லார் முந்தானையையும் நேர் பண்ணி, எங்க பின்னாடி ஸ்டூடியோக்காரர் மாட்டி வெச்ச சீன் துணியையும் நேர் பண்ணினான்.

லைட் போட்டாங்க. காவ்யா பழக்கத்துல கைய தூக்கினா. பாதி வழியில நிறுத்தி, மெதுவா கீழ விட்டுட்டு, முப்பத்திரண்டும் தெரிய சிரிச்சா. நாலு கம்மின்னு வெச்சிக்குங்க.

"சார், நீங்க கைய எடுங்க"ன்னாரு ஸ்டூடியோக்காரர். "சார், மூஞ்சி மறைக்குது சார்." மூணு வாட்டி சொன்னாரு. அவன் எடுக்கல. தோளு குலுங்கிகினு இருந்துச்சி.

அந்த போட்டோ இன்னும் அவன் தறிக்கு மேல நேரா தொங்குது. அதுல கையால வாய மூடிகினு நிக்கறது அவன் ஒருத்தன் தான்.